ஜெய்சால்மரின் அடுக்குப் பாறைகள்: காற்று குவித்தவையா, கடல் படிவித்தவையா?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், ஜனவரி 4, மாலை 6.10

பிப்ரவரியில் குடும்பத்துடன் ஜோத்பூரும் ஜெய்சால்மரும் செல்லவிருக்கிறோம். படங்களில் கோட்டைக் குன்றும் அதைச் சுற்றியுள்ள மேடுகளும் வரிவரியாகத் தெரிகின்றன. பாலைவனக் காற்று கொண்டுவந்து குவித்த மணல் காலப்போக்கில் இறுகி இப்படி அடுக்குப் பாறையாகிவிட்டது என்று ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். அது சரிதானா? அங்கே அவனுக்கு எதைக் காட்டலாம்?

ஜனவரி 4, இரவு 9.45

சரியன்று. ஜெய்சால்மர் கோட்டை நிற்கும் மஞ்சள் பாறை கடலில் உண்டானது. ஏறத்தாழ 16 முதல் 17 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஜுராசிக் காலத்தில், மேற்கு ராஜஸ்தானின் இந்தப் பகுதி ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அந்தக் கடலின் தரையில் சுண்ணாம்புச் சேறும், கிளிஞ்சல் உடைசல்களும், ஆறுகள் கொண்டுவந்த மணலும் மாறிமாறிப் படிந்து இறுகியதால்தான் சுண்ணாம்புப் பாறையும் மணற்பாறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே அமைந்திருக்கின்றன. நிலவியலாளர்கள் இந்தத் தொகுதிக்கு ஜெய்சால்மர் படிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் உட்பிரிவுகளில் ஒன்றுக்குக் கோட்டையை வைத்தே பெயர்.

பாலைவனம் இந்தக் கதைக்குள் மிகப் பிந்தி வந்தது. சாம் கிராமத்தில் ஒட்டகச் சவாரிக்கு அழைத்துச் செல்லும் மணல்மேடுகளின் வயதை ஆயிரங்களிலோ மிஞ்சிப்போனால் ஓரிரு லட்சங்களிலோதான் கணக்கிடுகிறார்கள். அவற்றுக்கு அடியில் கிடக்கும் பாறையின் வயது கோடிகளில். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த மணல் பாறையின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளி, அவ்வளவே.

ஜனவரி 5, காலை 7.20

ஒன்றை விட்டுவிட்டேன். கோட்டைக்குள் நடக்கும்போது சுவர்க் கற்களையும் படிக்கட்டுகளையும் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கிளிஞ்சலின் குறுக்குவெட்டு பிறை வடிவில் பல கற்களில் தெரியும். மகனுக்குக் கடல் இருந்ததை நிரூபிக்க வேறு சாட்சி தேவைப்படாது.

ஜனவரி 7, இரவு 10.30

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று எண்ணூர் நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் பட்டம் பெற்ற நிலவியலாளன் அல்லன். கட்டடம் எழுப்புவதற்கு முன் மண் பரிசோதனைக்காகத் துளை போடும் வேலையில் என் உழைப்புக் காலம் முழுவதும் கழிந்தது; அதில் பெரும்பகுதி தண்டையார்பேட்டைக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட பகுதியில். துளையிலிருந்து வெளியே வரும் மண்ணை ஆழவாரியாகப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றின் நிறத்தையும் தன்மையையும் எழுதுவது என் பொறுப்பு. மேலே கொட்டி நிரப்பிய மண், அதன்கீழ் வெளிர் மணல், அதில் நொறுங்கிய கிளிஞ்சல், அதற்கும் கீழே நாற்றமடிக்கும் கருங்களி, மறுபடியும் மணல் என்று வரிசை வரும். கடற்கரையிலிருந்து மேற்கே போகப் போக அந்த வரிசை மாறும். கொடுங்கையூர்ப் பக்கம் களி தடித்திருக்கும். திருவொற்றியூர்க் கரையோரம் மணல் தடித்திருக்கும்.

கருங்களி என்றால் அலையடிக்காத, நீர் தேங்கி நின்ற இடம். உப்பங்கழியோ சதுப்போ அங்கே இருந்திருக்கிறது. கிளிஞ்சல் மணல் என்றால் அலை புரண்ட கரை. இரண்டும் ஒரே துளைக்குள் மேலும் கீழுமாக வந்தால், கரையும் கழியும் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். இதை நான் பெட்டியில் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெய்சால்மருக்கு முதல்முறை போய் சாலைக்காக வெட்டிய ஒரு கரட்டின் முன் நின்றபோது, அதே வகை வரிசை கல்லாகி, என் தலைக்கு மேல் உயர்ந்து நிற்பதைக் கண்டேன். நெடுநேரம் அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. வட சென்னையில் துளை போட்டு, கைப்பிடி அளவு மண்ணை எடுத்து ஊகிக்க வேண்டியதை அங்கே கண்ணால் கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்து பார்க்க முடிகிறது. செடிகொடியோ வண்டலோ வீடுகளோ அதை மூடியிருக்கவில்லை. பாலைவனம் அந்தப் பாறைக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

ஜனவரி 8, பிற்பகல் 2.15

வியாசர்பாடி அண்ணன் எழுதியிருப்பதும் உண்மை: காற்றே உண்டாக்கிய அடுக்குப் பாறைகள் உலகில் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான் தேசியப் பூங்காவின் செங்குத்தான வெளிர் சுவர்கள் நவாஹோ மணற்பாறையால் ஆனவை. அது முழுக்க முழுக்கப் பழங்காலப் பாலைவனத்தின் மணல்மேடுகள் கல்லானது. அங்கே அதன் தடிமன் 600 மீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே என் முதல் பதிலை ஜெய்சால்மருக்கான பதிலாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குப் பாறை எங்கிருந்தாலும் அது கடலில் பிறந்தது என்று மகன் பாடமாக்கிக்கொள்ளக் கூடாது.

காற்றா நீரா என்று பிரித்தறியச் சில அடையாளங்கள் இருக்கின்றன. மணல்மேட்டின் காற்று மறைவான பக்கத்தில் மணல் சரிந்து விழும்போது ஏறத்தாழ 30 முதல் 34 பாகைச் சரிவில் படியும். மேடு நகர நகர, இந்தச் சரிந்த படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பிறகு மேல்பகுதி சீவப்பட்டு, அதன்மேல் அடுத்த மேட்டின் சரிவு வந்து உட்காரும். பாறையாக மாறிய பின்பும் அந்தச் சாய்ந்த கோடுகள் மாறுவதில்லை. இதைக் குறுக்குப் படுகை என்பார்கள். காற்று மணல்மேடுகளில் ஒரு குறுக்குப் படுகையே பல மீட்டர் உயரம் வரலாம். ஆற்றிலும் ஆழமற்ற கடலிலும் அதே அமைப்பு உண்டாகும், ஆனால் பெரும்பாலும் சாணளவோ முழ அளவோதான் இருக்கும். கூடவே கிளிஞ்சலோ கூழாங்கல்லோ களிப்படலமோ கலந்திருக்கும். காற்று கூழாங்கல்லைத் தூக்காது; நுண்களியை எங்கோ தொலைவுக்குக் கொண்டுபோய்விடும். அதனால் காற்று மணல் மட்டும் ஏறக்குறைய ஒரே பருமனுள்ள மணிகளாக மிஞ்சும்.

அலைத் தடமும் கவனிக்க வேண்டியது. முன்னும் பின்னும் போய்வரும் அலையில் உண்டான தடத்துக்கு இரு பக்கச் சரிவும் சமமாக இருக்கும். ஒரே திசையில் ஓடும் நீரோட்டத்தில் ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் அமையும். இதற்கு ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் வடிந்திருக்கும் வேளையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம்.

ஜனவரி 9, இரவு 8.50

நவாஹோவைப் பற்றி எழுதிய பிறகு, அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஓர் இடம் நினைவில் நின்றுகொண்டே இருக்கிறது. ஜெய்சால்மரிலிருந்து பார்மர் செல்லும் சாலையில் சுமார் 17 கிலோமீட்டரில் ஆகல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கல்லான மரங்களைப் பாதுகாக்கும் பூங்கா ஒன்று உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆற்று மணலில் புதைந்த பெருமரங்கள் அவை. நவாஹோவின் வயதும் ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்தது. இன்று இரண்டு இடங்களும் வறண்ட நிலங்கள். அன்று ஒன்றில் மணல்மேடுகள் நகர்ந்துகொண்டிருந்தன; மற்றொன்றில் காடு செழித்து ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய வெயிலை வைத்து அன்றைய வானத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

பாறையின் வரிசையையும் இங்கே கவனியுங்கள். ஆகலில் உள்ளது லாத்தி படிவு. அது கீழே இருப்பது, மூத்தது. ஜெய்சால்மர் படிவு அதன்மேல் அமர்ந்திருக்கிறது. கீழே இருப்பது மூத்தது என்ற விதியை டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1669-இல் எழுதி வைத்தார். ஆனால் ஜெய்சால்மரில் அந்த விதியைப் பார்க்க நீங்கள் எதன்மேலும் ஏற வேண்டியதில்லை. அடுக்குகள் வடமேற்கு நோக்கி மிக மெல்லச் சாய்ந்திருப்பதால், தரையில் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக வண்டியில் போனாலே மூத்த பாறையிலிருந்து இளைய பாறைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஆகலின் ஆற்று மணற்பாறை, நகரத்தின் மஞ்சள் சுண்ணாம்புப் பாறை, இன்னும் வடமேற்கே ஹாபூர் கிராமத்தருகில் அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரின் சுருள்கள் நிறைந்த, ஜுராசிக்குக்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்துச் சுண்ணாம்புப் பாறை என்று வரிசையாக வரும். இடையில் ஓட்டுநரிடம் சொல்லி இரண்டு மூன்று இடங்களில் இறங்கினால் போதும்.

ஜனவரி 9, இரவு 9.25

டைனோசர் உண்டா என்று மகன் கேட்கிறான் என எழுதியிருக்கிறீர்கள். உண்டு. ஜெய்சால்மர் படிவிலிருந்து கிடைத்த எலும்புகளுக்கு 2023-இல் தாரோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். புவியியல் ஆய்வு மையத்தினரும் ரூர்க்கி ஐஐடியினரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. தழை தின்னும் நீள்கழுத்து விலங்கு, வயது 16.7 கோடி ஆண்டுகள். தாயாத் என்ற ஊருக்கருகே ஊனுண்ணி டைனோசரின் மூவிரல் காலடித் தடமும் கண்டறியப்பட்டது. தரைவாழ் விலங்கின் எலும்பு கடற்படிவில் கிடைத்ததைப் பற்றி அவன் குழம்பினால், கரை பக்கத்தில்தான் இருந்தது என்று சொல்லுங்கள்.

ஜனவரி 12, இரவு 11.05

இப்போது ஜோத்பூர். இந்த முழு உரையாடலிலும் நான் மிகவும் சொல்ல விரும்புவது இதுதான். ஆகவே நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் அடுக்கைப் பார்க்கிறார்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலுள்ள கோட்டினைப் பார்ப்பவர்கள் குறைவு. மெஹ்ரான்கர் கோட்டைக் குன்றின் பெரும்பகுதி ரயோலைட் என்ற எரிமலைப் பாறை. ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மாலானி எரிமலைத் தொகுதி பொழிந்தது அது. குளிர்ந்து சுருங்கியபோது தூண் தூணாக வெடித்த அமைப்பைக் குன்றின் சில பக்கங்களில் காணலாம். அதன்மேல் ஜோத்பூர் மணற்பாறை கிடையாகப் படிந்திருக்கிறது. அதுவும் 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டதே, ஆனாலும் எரிமலைப் பாறையைவிடப் பல கோடி ஆண்டுகள் இளையது. இரண்டும் தொடும் இடத்தைப் புவியியல் ஆய்வு மையம் தேசியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அங்கே கீழ்க்கைக்கு ஒரு பாறையும் மேல்கைக்கு ஒரு பாறையும் எட்டும். நடுவே இருப்பது ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் கல் இல்லை.

ஏன் இல்லை? அந்தக் காலம் முழுவதும் எரிமலைப் பாறை வெளியே கிடந்து, மழையிலும் வெயிலிலும் தேய்ந்துகொண்டிருந்தது. படிய வேண்டியது படியவில்லை. படிந்தது ஏதேனும் இருந்தாலும் அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு நிலம் தாழ்ந்து, ஆற்று மணலும் கடல் மணலும் அதன்மேல் வந்து சேர்ந்தன. சில இடங்களில் மணற்பாறையின் அடிமட்டத்தில் எரிமலைப் பாறையின் உருண்ட கற்களே பொதிந்திருக்கும். கீழ்ப்பாறை தேய்ந்தது என்பதற்கு அவையே சாட்சி.

இது நமக்குத் தொலைவான செய்தி அல்ல. சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1876-இல் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகலமானது. தடுப்புக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. எங்கள் சிறுவயதில் பெரியவர்கள் கடலைக் காட்டி, அங்கே தெரு இருந்தது, வலை உலர்த்தும் மணல் இருந்தது என்பார்கள். இந்த நூற்றாண்டுகள் நாளை கல்லாகுமானால், மெரினாப் பக்கம் அவை ஒரு தடித்த மணல் அடுக்காக இருக்கும். எங்கள் பக்கம் ஒரு கோடாக மட்டும் இருக்கும். அடுக்கு இல்லாத இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று அந்தக் கோட்டினைப் பார்த்து யாரேனும் முடிவு கட்டினால் எவ்வளவு பிழை! ஒரு கரையையே இழந்திருக்கிறோம். அதனால்தான் ஜோத்பூரில் அந்த இடைக்கோட்டின்மேல் மகனின் கையை வைக்கச் சொல்கிறேன்.

ஜனவரி 13, காலை 6.40

ஜோத்பூர் மணற்பாறையில் மரமோ எலும்போ தேட வேண்டாம். அவை தோன்றுவதற்கு முந்திய காலம் அது. ஆனால் சூர்சாகர் பக்கத்துக் கல்குழிகளில், ஈர மணலின்மேல் படர்ந்திருந்த நுண்ணுயிர்ப் படலங்கள் உண்டாக்கிய சுருக்கங்களை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இதே மணற்பாறையால்தான் உமைத் பவன் அரண்மனை கட்டப்பட்டது.

ஜனவரி 14, மாலை 5.30

ராஜஸ்தானுக்குப் போக வசதியில்லாதவர்கள் எதைப் பார்ப்பது என்று தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் உங்கள் சமையலறை அலமாரியைப் பாருங்கள். வட சென்னையின் பழைய வீடுகளில் தட்டாகப் பதித்திருக்கும் கடப்பா கல் ஒரு படிவுப் பாறை. ஆந்திரத்தின் கடப்பா, கர்நூல் பகுதியில் வெட்டும் சுண்ணாம்புக் கல். இயந்திரம் வருவதற்கு முன்பே அதை மெல்லிய பலகையாகப் பிளக்க முடிந்ததற்குக் காரணம், அது அடுக்கடுக்காகப் படிந்ததுதான். உளி வைத்துத் தட்டினால் படிந்த தளத்தோடு பிரியும். அதன் விளிம்பில் தண்ணீர் தடவிப் பார்த்தால் மயிரிழை அளவு வரிகள் தெரியும். கிளிஞ்சல் உயிர்கள் தோன்றுவதற்கு முந்திய கடலின் படிவு அது. எனவே அதில் சங்கு, சிப்பி எதுவும் கிடைக்காது.

ஒருநாள் பயணம் போக முடிந்தால் பெரம்பலூர் மாவட்டத்தின் காரை கிராமத்துக்குப் போங்கள். மழைநீர் அறுத்த கிரெட்டேசியஸ் களிப்படிவுகள் மரம் மட்டையின்றி விரிந்து கிடக்கும் அந்த இடத்தைப் பாலைவனம் என்றே முதலில் நினைப்பீர்கள். பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. இன்னும் அருகில் வேண்டுமென்றால், நம் எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றின் மேல்பகுதியில் அத்திரம்பாக்கம் உள்ளது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகளைக் கண்ட இடம் அது; அங்கே மண்ணடுக்குகளின் வரிசையை வைத்துத் தோண்டி, கீழ் அடுக்கின் கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் வெளியிட்டனர். அடுக்கின் வரிசையைக் குலைத்து அள்ளியிருந்தால் அந்தக் கருவிகளின் வயதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஜனவரி 19, இரவு 10.10

ஜெய்சால்மர் கோட்டையை ஏன் தொல்பொருள் ஆர்வலர்கள் ஆபத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் அடுக்கில்தான் இருக்கிறது. ராவல் ஜெய்சல் 1156-இல் எழுப்பிய அந்தக் கோட்டை வலுக்குறைந்த படிவுப் பாறையின்மேல் நிற்கிறது. மழை அரிதான ஊரில், தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து அளந்து செலவழித்த காலம் வரை அது பெரிய குறையாக இல்லை. குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் பெருகிய பின், கசியும் நீர் அடிப்படிவுகளுக்குள் இறங்கிப் பிடிமானத்தைக் குறைத்தது. அரண்களும் அரண்மனையின் பகுதிகளும் இடிந்திருக்கின்றன. மக்கள் இன்றும் வாழும் கோட்டை அது. அவர்களைக் குறை சொல்லும் பேச்சை நான் ஏற்கமாட்டேன். தண்ணீர் பெறுவது அவர்களுடைய உரிமை. வடிகாலைச் செம்மையாக அமைத்துக் கொடுப்பதுதான் செய்ய வேண்டிய வேலை.

அதே வட்டாரத்தில் பார்மர் மாவட்டத்தின் கவாஸ் கிராமத்தை 2006 ஆகஸ்டில் வெள்ளம் சூழ்ந்தது. பாலைவன மணல் உறிஞ்சிவிடும் என்று எதிர்பார்த்த நீர் மாதக்கணக்கில் வடியவே இல்லை. மணலுக்கு அடியில் நீர் புகாத ஜிப்சம் படிவு கிடந்ததே காரணம். கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் மழைநீர் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: மேல்மண் எதுவாக இருந்தாலும், கீழே களி தடித்திருந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. நிலத்தின் மேற்பரப்பை மட்டும் பார்த்து மனைக்கு விலை பேசுகிறார்கள். எனக்கு இன்றுவரை வருத்தம் தருவது அது.

ஜனவரி 20, காலை 8.00

பாலைவனம் பாறையைத் திறந்து காட்டுகிறது என்று முன்பு எழுதினேன். அதை மீண்டும் யோசித்தேன். திறந்து காட்டும் வேலையைக் காற்று மட்டும் செய்வதில்லை. எப்போதோ கொட்டும் பெருமழைதான், பிடித்துவைக்க வேர்கள் இல்லாத நிலத்தில், பாதி வேலையைச் செய்கிறது. கடினமான சுண்ணாம்பு அடுக்கு மேலே கூரையாக நிற்க, அதன்கீழுள்ள மென்மையான களிப்பாறை அரிபட்டுப் பள்ளமாகி, பின்பு கூரை உடைந்து விழுகிறது. ஜெய்சால்மரைச் சுற்றியுள்ள கரடுகள் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் மெல்லிய சரிவாகவும் இருப்பதன் காரணம் இதுவும், நான் சொன்ன வடமேற்குச் சாய்வும்தான்.

பிப்ரவரி 2, இரவு 9.15

அடுத்த வாரம் புறப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். சில நடைமுறைச் செய்திகள்.

ஜோத்பூரில் மெஹ்ரான்கரை ஒட்டிய ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவுக்கு முதலில் போங்கள். எரிமலைப் பாறையும் மணற்பாறையும் நடைபாதையிலேயே கிடைக்கும், விளக்கிச் சொல்லவும் ஏற்பாடு உண்டு. ஜெய்சால்மரில் ஆகலை முதலிலும் கோட்டையைப் பிறகும் வைத்துக்கொண்டால் வயது வரிசை குழம்பாது. நடுப்பகல் வெளிச்சத்தில் பாறை முகம் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் படும்போது வரிகளும் அலைத் தடங்களும் நிழலோடு எழுந்து நிற்கும்.

சுண்ணாம்புப் பாறையா மணற்பாறையா என்று சோதிக்க எலுமிச்சம்பழம் போதும். சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் துண்டைச் சுரண்டிப் பொடியாக்கி, அதன்மேல் சாற்றைப் பிழிந்தால், சுண்ணாம்பு இருக்குமிடத்தில் சிறு குமிழ்கள் வரும். கோட்டைச் சுவரிலோ பூங்காவிலோ இதைச் செய்யக் கூடாது. ஆகலில் ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள். சுற்றுலாக்காரர்களிடம் கல்மரத் துண்டை நீட்டும் சிறுவர்களிடம் விலையும் கேட்காதீர்கள். வாங்க ஆளிருக்கும் வரை உடைக்க ஆளிருக்கும்.

ஓரிடத்தில் நிதானமாக உட்கார்ந்து, ஒரே ஒரு பாறை முகத்தைக் கீழிருந்து மேலாக மகனை வரையச் சொல்லுங்கள்: ஒவ்வோர் அடுக்கின் தடிமன், நிறம், மணியின் பருமன், உள்ளே என்ன இருக்கிறது, அடுத்த அடுக்கோடு சேருமிடம் மங்கலாக இருக்கிறதா கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா என்று. படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்து, எந்தத் திசையை நோக்கி எடுத்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். அந்தத் தாளை இங்கே பதிவிட்டால், அவன் வரைந்த கோடுகளை வைத்து மேற்கொண்டு பேசலாம்.